மாரியில் வந்து சேரும் பணம்

ஒவ்வோர் ஆண்டும் மார்கழி நெருங்கும்போது, அடுத்த ஆண்டுக்கு இலங்கையின் வட மாகாணத்துக்கு எத்தனை மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி பத்திரிகைகளில் வருகிறது. கல்விக்கு இவ்வளவு, சுகாதாரத்துக்கு இவ்வளவு, வீதிகளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டுவார்கள். சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட்டும் எழுதுவார்கள். மாகாணத் திணைக்களம் ஒன்றின் கணக்குக் கிளையில் 22 ஆண்டுகள் வேலை செய்து அண்மையில் ஓய்வு பெற்றவள் நான். அந்தச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் வேறொரு கேள்வியில் போய் நிற்கும்: இந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வரும்? எங்கள் மாகாணத்தில் எது முதலில் நடக்கும், எது கைவிடப்படும் என்பதை அச்சிட்ட மதிப்பீட்டுப் புத்தகத்தைவிட அந்தக் கேள்விக்கான விடையே தீர்மானிக்கிறது என்பதை வேலைக் காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும், அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனியான மாகாண நிதியம் ஒன்றை ஏற்படுத்தின. மாகாணங்களின் தேவைகளுக்குப் போதிய நிதியை மத்திய அரசு தன் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஒதுக்க வேண்டும். அதை நிதி ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில், அதனுடன் கலந்தாலோசித்துச் செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் ஏற்பாடு. மத்திய வங்கியின் ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் என ஐவர் கொண்டது அந்த ஆணைக்குழு. சனத்தொகை, தலா வருமானம், மாகாணங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை ஆகியவற்றைக் கருத்திற் கொண்டே அது பகிர்வை விதந்துரைக்க வேண்டும். எழுத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆயினும் ஆணைக்குழு விதந்துரைப்பது ஒரு தொகையாகவும், திறைசேரி உச்சவரம்பாக அனுப்புவது அதைவிடச் சிறிய தொகையாகவும், ஆண்டு முடிவதற்குள் உண்மையில் கைக்கு வருவது அதிலும் சிறிய தொகையாகவும் இருந்த ஆண்டுகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மாகாணம் தன் சொந்த வருமானத்தைக் கொண்டு இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம், மதுபான விற்பனை உரிமக் கட்டணம் போன்ற சிலவே எங்களுக்கு மிஞ்சியவை. காணிக் கைமாற்றங்களுக்கான முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் கணக்கில் வந்தாலும் உள்ளூராட்சி மன்றங்களுக்கே போய்ச் சேரும். மாகாணங்கள் முன்னர் தாமே அறவிட்டு வந்த புரள்வு வரி (வியாபாரங்களின் விற்பனை வரவின் மீதான வரி) 2011 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கை மத்திய அரசு பகிர்ந்தளித்தது; அந்த வரியும் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. கொழும்பு உள்ளடங்கிய மேல் மாகாணத்துக்கு அப்போதும் தாங்கிக்கொள்ளும் வலு இருந்தது. போரில் தொழிற்சாலைகளையும் சந்தைகளையும் இழந்த வடக்குக்கு அது இருக்கவில்லை. ஆகவே வட மாகாணத்தின் வரவு செலவுத் திட்டம் என்று நாம் சொல்வதில் மிகப் பெரும் பகுதி திறைசேரியின் நன்கொடைதான்.

அந்த நன்கொடை இரண்டு பாதைகளில் வருகிறது. முதலாவது, மீண்டெழும் செலவுக்கான, அதாவது மாதந்தோறும் திரும்பத் திரும்ப வரும் செலவுக்கான, தொகுதி நன்கொடை. ஆசிரியர்கள், தாதியர், மருத்துவர்கள், கால்நடை வைத்தியர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், கூட்டுறவு உத்தியோகத்தர்கள், அலுவலகப் பணியாளர்கள் ஆகிய எல்லோருடைய சம்பளமும் இதிலிருந்தே போகிறது. வரவு செலவுத் திட்டத்தின் பெரும் பங்கு சம்பளத்துக்கே போகிறது, அபிவிருத்திக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று பலர் குறைபட்டுக்கொள்வார்கள். இந்தக் குறையை நான் ஏற்றுக்கொள்வதில்லை. மாங்குளத்துக்கு அப்பால் ஒரு சிறிய பாடசாலையில் கணித ஆசிரியர் ஒருவர் இருப்பதே அந்த ஊரின் அபிவிருத்தி. மடு வலயத்தில் ஒரு மருத்துவமாது கிழமைக்கு ஒரு தடவை கிளினிக் நடத்துவதே அங்கே சுகாதாரச் சேவை. கட்டடம் இல்லாமல் மரத்தடியில் படித்து முன்னேறிய பிள்ளைகளை நாம் அறிவோம். ஆசிரியர் இல்லாத மாடிக் கட்டடத்தில் பிள்ளை படித்ததை நான் கண்டதில்லை. சம்பளப் பணம் மாதம் தவறாமல் வருவதும் இந்தப் பாதையின் சிறப்பு. நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022இல் எரிபொருள் இல்லாமல் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போன நாள்களிலும் எங்கள் சம்பளம் நிற்கவில்லை.

சிக்கல் இரண்டாவது பாதையில் இருக்கிறது. மாகாணத்துக்கெனக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை என்று நீண்ட பெயர் கொண்ட மூலதன நிதி அது. வகுப்பறைகள், மாகாண வைத்தியசாலைகளின் விடுதிகள், நீர்ப்பாசன வாய்க்கால்கள், மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள வீதிகள், மதகுகள் எல்லாம் இதிலிருந்தே வர வேண்டும். எங்கள் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டத்தை டிசம்பரில் நிறைவேற்றும். அதன் பிறகே மாகாணத்தின் ஆண்டுத் திட்டம் இறுதி வடிவம் பெற்று, நிதி ஆணைக்குழுவின் இணக்கத்தைப் பெற்றுத் திரும்பி வரும். அதற்குள் மாசி கழிந்துவிடும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் களத்துக்குப் போய் மதிப்பீடு தயாரிக்க வேண்டும், கேள்விமனுக் கோர வேண்டும், பெறுகைக் குழு கூட வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும். நடுவில் சித்திரைப் புத்தாண்டு. எவ்வளவு விரைந்து செய்தாலும் ஆனி, ஆடிக்கு முன் கல் வைப்பது அரிது. இவை எல்லாம் முடிந்த பிறகும் திறைசேரி கட்டுநிதியை, அதாவது செலவுக்கென அனுப்பும் காசை, மாதம் மாதம் ஒரே அளவில் விடுவிப்பதில்லை. ஆண்டின் நடுப்பகுதியில் சிறிது சிறிதாகக் கசிந்து, புரட்டாசிக்குப் பிறகு ஒரேயடியாக வரும். சில ஆண்டுகளில் டிசம்பர் கடைசி வாரத்தில்தான் பெருந்தொகை வந்து சேரும்.

வடக்கில் மழை எப்போது பெய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தெற்கின் பல பகுதிகளுக்கு ஆண்டில் இரண்டு பருவங்களும் மழை தருகின்றன. எங்களுக்கு ஆண்டு மழையின் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் கடைசியில் யாழ்ப்பாணம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாசி முதல் ஆவணி வரை வயல் வெடித்து, வாய்க்கால் வறண்டு, கிரவல் தூசி பறக்கும் காலத்தில் எங்கள் கையில் பணம் இருப்பதில்லை. பணம் வரும் காலத்தில் தரை சேறாகிக் கிடக்கிறது.

இது காகிதத்தில் மட்டும் உள்ள முரண்பாடு அல்ல என்பதை நான் ஒரு கணக்காய்வு வினாவுக்குப் பதில் தயாரிக்கப் போன இடத்தில் நேரில் கண்டேன். முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில், வயல்களுக்கு நடுவே போகும் வீதியில் மதகு ஒன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அது கார்த்திகை மாதம். அத்திவாரக் குழியில் இடுப்பளவு தண்ணீர். சாக்குகளில் மண் நிரப்பிக் குறுக்கே அடுக்கி, வாடகைக்கு எடுத்த நீரிறைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, தண்ணீர் சற்று வடியும் நேரத்தில் இரண்டு இளைஞர்கள் கொங்கிறீட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டியது இறுகுவதற்கு முன் சாக்கு அணையின் ஓரத்தால் தண்ணீர் மீண்டும் உள்ளே வந்தது. சாம்பல் நிறக் கலங்கலாகச் சீமெந்து மிதந்து போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீரிறைக்கும் செலவு மதிப்பீட்டில் இல்லை, ஏனென்றால் மதிப்பீடு தயாரிக்கப்பட்டது பங்குனியில். அந்தச் செலவை ஒப்பந்தகாரர் எங்கே ஈடுசெய்வார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வரம்பில் நின்ற முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “பிள்ளை, ஆவணியில வந்திருந்தா இந்த வாய்க்கால் காஞ்சுபோய்க் கிடந்தது. இப்ப வந்து தண்ணிக்குள்ள கட்டச் சொன்னா அவங்களும் என்ன செய்யிறது?” என்றார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மாரிக்கு அந்த மதகின் ஒரு பக்கச் சுவர் சரிந்துவிட்டது என்று பிறகு கோப்பில் வாசித்தேன். அந்த வேலைக்கு முழுப் பணமும் செலவழிக்கப்பட்டதாகவே அந்த ஆண்டின் செயலாற்றுகை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. நூற்றுக்கு நூறு நிதி முன்னேற்றம்.

டிசம்பர் 31 மாலையில் ஒரு கணக்குக் கிளை எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அன்று எவரும் விடுமுறை எடுப்பதில்லை. வலயங்களிலிருந்தும் மாவட்டக் காரியாலயங்களிலிருந்தும் வந்த உறுதிச்சீட்டுகள், அதாவது முடிந்த வேலைகளுக்கான கொடுப்பனவுப் பட்டியல்கள், மேசையில் கட்டுக் கட்டாக இருக்கும். கட்டுநிதி எவ்வளவு வருகிறது என்று பிரதம செயலாளர் அலுவலகத்தின் நிதிப் பிரிவிலிருந்து தொலைபேசி வரும்வரை காத்திருப்போம். வந்த தொகை எல்லாப் பட்டியல்களுக்கும் போதாது என்று தெரிந்ததும், எதை எடுப்பது எதை விடுவது என்ற தீர்மானம் அந்த ஒரு மணி நேரத்தில் அந்த மேசையில் எடுக்கப்படும். ஆவணங்கள் முழுமையாக உள்ளவை, அளவீட்டுப் புத்தகத்தில் கையொப்பம் உள்ளவை, யாழ்ப்பாணத்துக்குக் கிட்டவுள்ளதால் குறையை உடனே திருத்திக் கொண்டுவரக் கூடியவை என்று பார்த்து எடுப்போம். மன்னார்த் தீவிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ ஒரு கையொப்பம் குறைந்து வந்த உறுதிச்சீட்டு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். மாகாணத்தின் முன்னுரிமை என்று ஒன்று இருக்குமானால், பல ஆண்டுகளில் அதைக் கடைசியாக எழுதியது நாங்கள்தான். எங்களுக்கு அந்த அதிகாரம் யாராலும் தரப்படவில்லை. காலம் எங்கள் தலையில் வைத்தது. பின்தங்கிய இடங்கள் மேலும் பின்தங்குவதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை என்பதை அந்த இரவுகளில்தான் கற்றுக்கொண்டேன்.

2013 ஒக்டோபர் முதல் 2018 ஒக்டோபர் வரை வட மாகாண சபை இயங்கிய காலத்தில், “வடக்குக்கு வந்த பணம் திரும்பிப் போய்விட்டது” என்ற குற்றச்சாட்டு ஓயாமல் எழுந்தது. செலவழிக்கத் தெரியாதவர்கள் என்று ஒரு தரப்பும், வராத பணம் எப்படித் திரும்பிப் போகும் என்று மற்றத் தரப்பும் வாதாடின. சபையின் திட்டமிடலில் குறை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமைச்சுகளுக்கிடையிலான இழுபறியில் மாதங்கள் வீணானதை உள்ளிருந்து பார்த்தவள் நான். ஆனாலும் ஒதுக்கீடு என்பது செலவழிக்க அனுமதிக்கும் வரம்பு மட்டுமே, பணம் கட்டுநிதியாக வந்தால்தான் உண்டு என்ற அடிப்படையை அந்த விவாதத்தில் பலர் புரிந்துகொள்ளவில்லை. ஒதுக்கீட்டுக்கும் விடுவிப்புக்கும் இடையிலான வித்தியாசத்தைத் “திரும்பிப் போன பணம்” என்று பெயரிட்டதால் அந்த வித்தியாசத்துக்கு யார் காரணம் என்ற விசாரணையே நடக்காமல் போயிற்று.

டிசம்பர் 31இல் விடுபட்ட பட்டியல்கள் அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்தே கொடுக்கப்பட வேண்டும். கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன், இது எந்த ஆண்டினதும் உண்மைத் தொகை அல்ல. ஒரு திணைக்களத்துக்கு மூலதனமாக 100 ரூபா ஒதுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 ரூபா சென்ற ஆண்டின் கொடுபடாத பட்டியல்களுக்கு, 40 ரூபா பாதியில் நிற்கும் தொடர் வேலைகளுக்கு. புதிதாக முடிவெடுக்க மிஞ்சுவது 30 ரூபா. அதிலும் ஆண்டு முடிவில் 80 ரூபா மட்டுமே விடுவிக்கப்பட்டால், புதிய வேலைகளுக்கு உண்மையில் கிடைத்தது 10 ரூபா. மக்கள் முன்னிலையில் விவாதிக்கப்படும் முன்னுரிமைகள் எல்லாம் அந்தப் பத்து ரூபாவுக்குள்தான் அடங்குகின்றன. நாடு கடன் மீளச் செலுத்துதலை நிறுத்திய 2022இலும் அதற்கடுத்த ஆண்டிலும் மூலதனச் செலவுகள் முதலில் வெட்டப்பட்டபோது, இந்தத் தொடர் வேலைகளின் சுமை எங்கள் கோப்புகளில் எப்படிக் கூடியது என்பதை எண்ணினால் இன்றும் மூச்சு முட்டுகிறது. கூரை போடாத வகுப்பறையின் கம்பிகள் துருப்பிடித்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் இரண்டு வகுப்புகள் ஏறிவிட்டார்கள்.

பராமரிப்பு என்ற தலைப்பு இந்த நெருக்கடியில் எப்போதும் கடைசி இடத்துக்கே போகிறது. புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், பெயர்ப்பலகை வைக்கலாம். தூர்ந்த வடிகாலைத் துப்புரவாக்குவதற்குத் திறப்பு விழா இல்லை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வெளிநாட்டு உதவியோடு கட்டப்பட்ட வைத்தியசாலை விடுதிகளுக்கும் வீதிகளுக்கும் இப்போது பராமரிப்புக் காலம் வந்துவிட்டது. உதவி தந்தவர்கள் கட்டிக் கையளித்துவிட்டுப் போனார்கள். கூரைத் தகட்டை மாற்றும் செலவு மாகாணத்தின் மதிப்பீட்டுக்குள் வந்து நிற்கிறது. புதிய வேலை ஒன்றைக் குறைத்தாவது இதற்கென ஒரு பங்கை ஆண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கிப் பிரித்து, வேறெதற்கும் மாற்ற முடியாதபடி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கிடையில் மத்திய அரசும் இதே மாகாணத்துக்குள் தன் அமைச்சுகள் மூலமும் மாவட்டச் செயலகங்கள் மூலமும் செலவு செய்கிறது. ஏ, பி தர வீதிகள் மத்தியின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும், ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைகளுக்கும் உரியவை. வீட்டு வாசலில் நிற்கும் மனிதருக்கு இந்த வேறுபாடு தெரியத் தேவையில்லை, ஆனால் முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்று அவர் அலைவது இதனால்தான். 2025 பெப்ரவரியில் ஜனாதிபதி பாராளுமன்றத்தில் முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் 100 மில்லியன் ரூபா. இவற்றை நான் மனமார வரவேற்றேன். ஆயினும் எந்த வீதி முதலில் என்ற முடிவு மாகாணத்தின் விவாதத்திலிருந்து பிறந்ததன்று. முந்திய ஆண்டின் தேர்தல்களால் அந்த வரவு செலவுத் திட்டமே பெப்ரவரிக்குத் தள்ளிப்போயிருந்ததால், ஆண்டின் முதல் மாதங்கள் வரவு செலவுத் திட்டம் நிறைவேறும்வரை செலவுக்கு அனுமதி தரும் இடைக்காலக் கணக்கறிக்கையில் ஓடின; எங்கள் வறண்ட மாதங்கள் மீண்டும் ஒருமுறை கைநழுவின.

மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. அன்று முதல் வரவு செலவுத் திட்டம் ஆளுநரின் ஒப்புதலோடு நடைமுறைக்கு வருகிறது. ஆளுநர்கள் பலர் நேர்மையாக உழைத்தார்கள், அதிகாரிகளும் அப்படியே. ஆனால் முன்பு மார்கழியில் மாகாண சபை கூடிய கைதடிப் பேரவை மண்டபத்தில் ஒவ்வோர் அமைச்சின் மதிப்பீடும் விவாதத்துக்கு வந்தபோது, வவுனியா வடக்கின் உறுப்பினர் எழுந்து தன் பகுதிக் குளத்துக்கு ஏன் ஒன்றுமில்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத நாங்கள் இரவிரவாகக் கோப்புகளைப் புரட்டுவோம். அப்போது அது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் கேள்வி கேட்பார் இல்லை என்பதை எண்ணும்போது, அந்த எரிச்சல் எவ்வளவு பெறுமதியானது என்று தெரிகிறது.

இதைத் திருத்த அரசியலமைப்பை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வடக்குக்கும் கிழக்குக்கும் மூலதனக் கட்டுநிதியின் பெரும் பகுதியை மாசிக்கும் ஆவணிக்கும் இடையில் விடுவிப்பது என்று திறைசேரி ஒரு சுற்றறிக்கையால் தீர்மானிக்கலாம். ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட வேலைகளின் பணம் டிசம்பர் 31இல் காலாவதியாகாமல் அடுத்த பங்குனி வரை செல்லுபடியாகும்படி செய்யலாம். மதிப்பீடுகளையும் கேள்விமனு ஆவணங்களையும் முந்திய ஆண்டின் மாரியிலேயே, களத்தில் வேலை நடக்க முடியாத அந்த மாதங்களிலேயே தயாரித்து வைக்கலாம். இது முழுக்க எங்கள் திணைக்களங்களின் கையில் உள்ள விடயம், இதற்குக் கொழும்பைக் குறை சொல்ல முடியாது.

வாசிப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த மாகாணத் திணைக்களத்திடமும் நாட்டின் பிரசை எவரும் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாள்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தம் தீர்மானத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊர்ப் பாடசாலைக் கட்டடத்துக்கோ மதகுக்கோ எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று மட்டும் கேட்டால் புத்தகத்தில் உள்ள எண்ணைத் தருவார்கள். ஒப்பந்தம் எழுதிய திகதி, வேலை தொடங்கிய திகதி, ஒவ்வொரு தவணைக் கட்டுநிதியும் திணைக்களத்துக்குக் கிடைத்த திகதி, ஒவ்வொரு பட்டியலுக்கும் காசோலை எழுதிய திகதி ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். அவை எல்லாம் எங்கள் பதிவேடுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு தலைப்பின் ஒதுக்கீட்டையும் செலவையும் பதியும் அந்த வாக்குப் பேரேடுகளை 22 ஆண்டுகள் நான் என் கையாலேயே எழுதினேன். கேட்டால் எடுத்துத் தருவதற்கு அரை நாள் கூடத் தேவைப்படாது.